பொறியியல் கல்லூரியில் முதலாண்டு: வகுப்பறைக்கு வெளியே எதைத் தேர்ந்தெடுப்பது, எங்கிருந்து தொடங்குவது

அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகங்களிலோ, அதனுடன் இணைந்த பொறியியல் கல்லூரிகளிலோ முதலாண்டில் சேர்ந்திருக்கும் மாணவர்களுக்கான வழிகாட்டி இது. பாடங்களைப் பற்றிச் சொல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் மாலை நான்கு மணிக்குப் பிறகு கல்லூரியில் என்னென்ன நடக்கிறது, அவற்றில் எதில் சேரலாம், எதைத் தவிர்க்கலாம், சேர்ந்தால் வருகைப்பதிவும் மதிப்பெண்ணும் குலையாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதையெல்லாம் எவரும் முறையாகச் சொல்லித் தருவதில்லை. அறைத்தோழர் சேர்ந்த மன்றத்திலேயே தாமும் சேர்ந்து, ஒரு பருவம் கழிந்தபின் இரண்டாவது கூட்டத்துக்குக்கூடப் போகாமல் விட்டவர்களே ஒவ்வொரு வகுப்பிலும் அதிகம். ஏதேனும் ஒன்றில் சேர்ந்து, அதில் உண்மையாக வேலை செய்வது, பத்தில் பெயர் கொடுப்பதைவிட மேலானது என்பதே இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு; கீழே வரும் யோசனைகள் எல்லாம் அதிலிருந்தே வருகின்றன.

முதல் வாரங்களில் செய்ய வேண்டியவை

கலந்தாய்வு முடிந்து முதலாண்டு வகுப்புகள் தொடங்குவது மேலாண்டு மாணவர்களின் வகுப்புகளைவிடப் பிந்தியே இருக்கும். ஆகவே நீங்கள் வளாகத்துக்குள் நுழையும்போது மன்றங்களின் ஆண்டுத் திட்டம் பெரும்பாலும் தீர்மானமாகி, ஆள் சேர்ப்பு தொடங்கியிருக்கும். அறிமுகப் பயிற்சி நடக்கும் நாள்களில் ஒவ்வொரு மன்றமும் வந்து தன்னைப் பற்றிப் பேசும். அங்கே படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட அவசரப்பட வேண்டாம். கேட்க வேண்டியவற்றைக் கேட்டுக்கொண்டு, இரண்டு வாரம் பொறுத்துப் பெயர் கொடுத்தாலும் எந்த மன்றமும் கதவை மூடிவிடாது.

கேட்க வேண்டியவை இவை. சென்ற ஆண்டு இந்த மன்றம் நடத்தியது என்ன? முதலாண்டு மாணவர்களுக்கு அதில் என்ன வேலை தரப்பட்டது? கூட்டம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? உறுப்பினர் கட்டணம் உண்டா, உண்டென்றால் ரசீது தருவார்களா? பொறுப்பாசிரியர் யார்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத அமைப்பு கல்லூரியின் அங்கீகாரம் பெறாததாக இருக்கலாம். அப்படிப்பட்டதில் பணம் கட்டாதீர்கள்.

வீட்டிலிருந்து வந்து போகும் மாணவர்கள் இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். நகரத்துக்கு வெளியே உள்ள பல தனியார் கல்லூரிகளில் மாலைப் பேருந்து புறப்படும் நேரம்தான் உங்கள் மன்ற வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. அடுத்த பேருந்து ஒன்று தாமதமாகக் கிளம்புகிறதா, அதில் ஏற அனுமதிச் சீட்டு வேண்டுமா, அது உங்கள் ஊர்ப் பக்கம் போகிறதா என்று விசாரித்த பிறகு மன்றத்தைத் தேர்ந்தெடுங்கள். மதிய உணவு இடைவேளையிலோ, சனிக்கிழமைகளிலோ கூடும் மன்றங்களும் உண்டு. பேருந்து மாணவர்களுக்கு அவையே பொருந்தும்.

மேலாண்டு மாணவர்கள் மன்றத்தின் பெயரைச் சொல்லிக் கட்டாயப்படுத்தினாலோ, விடுதி அறைக்கு அழைத்து நிற்க வைத்தாலோ, அது மன்றப் பணி ஆகாது, பகடிவதைதான். தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது தண்டனைக்குரிய குற்றம். நாடு முழுவதற்குமான இலவச உதவி எண் 1800-180-5522. இது இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது.

கட்டாயமான நான்கில் ஒன்று

நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் முதலாண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய விளையாட்டு அமைப்பு, இளையோர் செஞ்சிலுவைச் சங்கம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் சேர்ந்து, ஏறத்தாழ 80 மணி நேரப் பயிற்சியும், ஏறத்தாழ ஏழு நாள் முகாமும் முடிக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக ஒழுங்குமுறைகளில் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் விதி. பயிற்சி பெரும்பாலும் வார இறுதிகளிலும், முகாம் விடுமுறையிலும் நடக்கும். பயிற்சியில் 75 விழுக்காடு வருகை வேண்டும். முகாமுக்குப் போயே ஆக வேண்டும். தக்க காரணம் இருந்தால் பிந்தைய ஆண்டுகளில் முடிக்கக் கல்லூரி முதல்வர் அனுமதிக்கலாம் என்றாலும், மூன்றாம் ஆண்டில் வேலைவாய்ப்புப் பயிற்சிக்கு நடுவே முதலாண்டு மாணவர்களோடு வரிசையில் நிற்பது எவருக்கும் உவப்பானதல்ல. ஒழுங்குமுறைகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுவதால், நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கு எது பொருந்தும் என்பதைத் துறை அலுவலகத்தில் கேட்டு, அதன் நகலைக் கைப்பேசியில் வைத்துக்கொள்வது நல்லது. இந்தக் கட்டுரையில் வரும் எண்களையும் அதனோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இந்த நான்கில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பலரும் 'எது சுலபம்' என்ற ஒரே கேள்வியால் முடிவு செய்துவிடுகிறார்கள். எப்படியும் 80 மணி நேரம் போகத்தான் போகிறது என்னும்போது, அதற்குக் கைமாறாக எது கிடைக்கிறது என்று பார்ப்பதே அறிவுடைமை.

தேசிய மாணவர் படை இவற்றுள் கடினமானது. தெளிவான பலன் உள்ளதும் அதுவே. இடங்கள் குறைவு, ஓட்டம், உடல் தகுதி எல்லாம் பார்த்தே எடுப்பார்கள். முதலாண்டோடு நிறுத்திக்கொண்டால் பல்கலைக்கழக விதி மட்டும் நிறைவேறும். தொடர்ந்து இருந்தால் இரண்டாம் ஆண்டில் 'பி' சான்றிதழ்த் தேர்வும், மூன்றாம் ஆண்டில் 'சி' சான்றிதழ்த் தேர்வும் எழுதலாம். 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' தரமும், பட்டப்படிப்பில் 50 விழுக்காடு மதிப்பெண்ணும் உள்ளவர்கள், ஆண் பெண் இருபாலரும், தரைப்படையின் சிறப்பு நுழைவுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வு கிடையாது, தெரிவுக் குழுவின் நேர்காணல் நேரடியாக நடக்கும். அப்படித் தேர்வாகிறவர்கள் பயிற்சி பெறும் இடங்களுள் ஒன்று, கிண்டி வளாகத்திலிருந்து சிறிது தூரத்தில் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாதெமி என்பது சென்னை மாணவர்களில் பலருக்கே தெரியாது. ராணுவத்தில் நாட்டமில்லாதவர்கள்கூட இதில் சேரலாம். ஆனால் சனிக்கிழமை விடிகாலையில் எழுந்து சீருடைக்கு இஸ்திரி போட்டு, காலணிக்கு மெருகேற்றி நிற்க முடியுமா என்று தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்டபின் சேர்வது நல்லது.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டையொட்டி 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. அதன் தேசிய அளவிலான விதி பல்கலைக்கழக விதியைவிட நீளமானது. ஆண்டுக்கு 120 மணி நேரமாக இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும், ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றும் முடித்தவர்களுக்கே முழுச் சான்றிதழ் கிடைக்கும். எனவே முதலாண்டோடு நின்றுவிட்டு 'என்.எஸ்.எஸ். முடித்தேன்' என்று தன்விவரக் குறிப்பில் எழுதுவது சரியாகாது. முகாம் பெரும்பாலும் கல்லூரி தத்தெடுத்த ஒரு சிற்றூரில் நடக்கும். பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ தங்கி, குளக்கரையைத் தூய்மைப்படுத்துவது, வீடு வீடாகக் கணக்கெடுப்பது, கண் பரிசோதனை முகாமுக்கு முதியோரை அழைத்து வருவது என்று வேலைகள் இருக்கும். மரம் நட்டு ஒளிப்படம் எடுத்துக்கொண்டு திரும்பும் அலகுகளும் இருக்கின்றன. அவற்றை அடையாளம் காண, சென்ற ஆண்டு நட்ட கன்றுகள் இப்போது எப்படி இருக்கின்றன என்று கேட்டாலே போதும்.

இங்கே முதலாண்டு மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: குருதிக்கொடை அளிக்க 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், எடை குறைந்தது 45 கிலோ இருக்க வேண்டும். உங்களில் பலருக்கு இன்னும் 17 தான் நடக்கும். முகாம் நாளில் ஆர்வத்தால் வயதைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். கொடையாளர் பட்டியலைச் சரிபார்ப்பது, கொடுத்துவிட்டு வருபவர்களைச் சிறிது நேரம் உட்காரவைத்துப் பழச்சாறு கொடுத்துக் கவனிப்பது ஆகியவற்றுக்கு எப்போதும் ஆள் போதாது.

இளையோர் செஞ்சிலுவைச் சங்கத்தின் பணிகளும் இவற்றையொட்டியே இருக்கும்; முதலுதவிப் பயிற்சியை ஒழுங்காகத் தரும் கல்லூரியாக இருந்தால் அதற்காகவே சேரலாம். தேசிய விளையாட்டு அமைப்பு, விளையாட்டில் ஏற்கெனவே பழக்கம் உள்ளவர்களுக்கு உரியது. மைதானத்தின் ஓரத்தில் நிழலில் உட்காரலாம் என்று அதில் சேர்பவர்களின் எண்ணிக்கை எல்லா ஆண்டும் கணிசமாக உண்டு. உடற்கல்வி இயக்குநர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

விளையாட்டில் மேலே போக விரும்புகிறவர்கள் சேர்ந்த வாரத்திலேயே உடற்கல்வித் துறைக்குச் சென்று, பள்ளிக்காலச் சான்றிதழ்களைக் காட்டிக் கல்லூரி அணித் தேர்வு நடக்கும் நாளைத் தெரிந்துகொள்ள வேண்டும். கல்லூரி அணியிலிருந்து மண்டலப் போட்டி, அங்கிருந்து மண்டலங்களுக்கு இடையிலான போட்டி, அதிலிருந்து பல்கலைக்கழக அணி, பின்னர் இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்தும் தென்மண்டலப் போட்டி என்று படிகள் உள்ளன. அணித் தேர்வு நாளைத் தவறவிட்டால் அந்த ஆண்டு முழுவதும் போய்விடும்.

விருப்பப்பட்டுச் சேரும் மன்றங்கள்

கட்டாயமானது போக, நீங்களாக விரும்பிச் சேர வேண்டியது ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். துறைச் சங்கத்தில் பெரும்பாலும் எல்லா மாணவர்களும் தாமாகவே உறுப்பினர் ஆகிவிடுவதால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

எத்தனை விதமான மன்றங்கள் இருக்கக்கூடும் என்பதற்குக் கிண்டிப் பொறியியல் கல்லூரியை எடுத்துக்கொள்ளலாம். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய அந்த வளாகத்தில் டெக்கோஃபெஸ் என்ற கலைவிழா 1948 முதல் நடந்துவருகிறது. குருக்ஷேத்ரா என்ற தொழில்நுட்ப விழாவை மாணவர்களே முன்னின்று நடத்துகிறார்கள். கிண்டி டைம்ஸ் என்ற மாணவர் இதழ் உண்டு. தமிழ் மன்றம் உண்டு. 2004 பிப்ரவரியில் தொடங்கிய அண்ணா எஃப்.எம்., இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி. அண்ணா பல்கலைக்கழகத்தின் இன்னொரு வளாகமான குரோம்பேட்டை எம்.ஐ.டி.யை மையமாகக் கொண்டு உருவான அனுசாட் என்ற சிறு செயற்கைக்கோள், 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி. சி-12 ஏவுகலத்தில் விண்ணுக்குச் சென்றது. உங்கள் கல்லூரி இவ்வளவு பழையதாகவோ பெரியதாகவோ இல்லாமல் இருக்கலாம். ஆனால் எழுதுகிறவர்களுக்கு ஒன்று, பேசுகிறவர்களுக்கு ஒன்று, கையால் செய்கிறவர்களுக்கு ஒன்று, மேடை ஏறுகிறவர்களுக்கு ஒன்று என்னும் அமைப்பு எங்கும் ஏறத்தாழ இதே மாதிரிதான் இருக்கும்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்குத் தனியே ஒரு சொல். ஆங்கிலத்தில் பேசவேண்டியிருக்குமோ என்ற தயக்கத்தால் மன்றங்களின் பக்கமே போகாதவர்கள் நிறைய. ஒளியமைப்பு, அரங்க வேலை, கணக்கு, வடிவமைப்பு, புகைப்படம் இவற்றுக்கெல்லாம் மேடை ஆங்கிலம் தேவையில்லை. தமிழ் மன்றத்தில் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிப் பழகியவர்களுக்குக் கூட்டத்தின் முன் நிற்கும் கூச்சம் போய்விடுகிறது. அது போனபின் ஆங்கிலம் தேறுவது பாதி வேலைதான்.

பந்தய வாகனம் கட்டும் குழுக்களில் சேர விரும்புகிறவர்கள் முதலிலேயே செலவைப் பற்றிக் கேட்க வேண்டும். பாஹா போன்ற போட்டிகளுக்கு ஒரு வாகனத்தைக் கட்டி, மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூர் வரை கொண்டுபோய் வர லட்சக்கணக்கில் ஆகும். கல்லூரி எவ்வளவு தருகிறது, நன்கொடையாளர்கள் எவ்வளவு தருகிறார்கள், மீதியை உறுப்பினர்கள் கைப்பணத்திலிருந்து போடவேண்டுமா என்பது தெரியாமல் சேர்ந்தவர்கள் இரண்டாம் ஆண்டில் வீட்டில் சொல்ல முடியாமல் தவிப்பதுண்டு. முதலாண்டில் உங்களுக்குத் தரப்படும் வேலை பெரும்பாலும் குழாய் அறுப்பதும், துருவைத் தேய்ப்பதும், கடையில் போல்ட் வாங்கி வருவதும்தான். அதில் குறையொன்றுமில்லை, பற்றவைப்பைப் பக்கத்திலிருந்து பார்த்தவனுக்குப் பட்டறைப் பாடம் எளிதாகிவிடுகிறது.

வருகைப்பதிவுக் கணக்கு

எந்த மன்றத்தில் சேர்ந்தாலும் இந்தக் கணக்கைப் போட்டுவைத்துக்கொள்ளுங்கள். மூன்று மதிப்பலகு (கிரெடிட்) கொண்ட பாடத்துக்குப் பாடத்திட்டத்தில் மொத்தம் 45 வகுப்பு நேரம் ஒதுக்கப்படுவது வழக்கம். அதில் 75 விழுக்காடு என்பது 34 வகுப்புகள். அப்படியானால் ஒரு பருவம் முழுவதற்கும் நீங்கள் இழக்கக்கூடியது 11 வகுப்புகள் மட்டுமே; காய்ச்சல், ஊர்த் திருவிழா, அக்கா திருமணம், கருத்தரங்கம் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். வருகை பாடவாரியாகப் பார்க்கப்படுகிறதா, எல்லாப் பாடங்களையும் சேர்த்துப் பார்க்கப்படுகிறதா என்பது உங்கள் ஒழுங்குமுறையைப் பொறுத்தது. எப்படியிருந்தாலும் பாடவாரியாகக் கணக்கு வைப்பதே பாதுகாப்பு. 65 முதல் 74 விழுக்காடு வரை உள்ளவர்களுக்கு மருத்துவக் காரணத்துக்காகவோ, விளையாட்டுப் போட்டியில் பங்கேற்றதற்காகவோ சலுகை உண்டு. அதற்கும் சான்றிதழ் வேண்டும்.

'ஓ.டி. போட்டுவிடலாம்', அதாவது கல்லூரிப் பணியாக வெளியே போனதாகக் காட்டி வருகை வாங்கிவிடலாம் என்று மூத்தவர்கள் சொல்வதைக் கேட்டு முன்னனுமதி இல்லாமல் கிளம்பிவிடாதீர்கள். அழைப்பிதழின் நகலோடு கடிதம் எழுதி, வகுப்பு ஆலோசகரிடமும் துறைத் தலைவரிடமும் நிகழ்ச்சிக்கு முன்பே கையெழுத்து வாங்கி, திரும்பி வந்த இரண்டு மூன்று நாள்களுக்குள் பங்கேற்புச் சான்றிதழின் நகலைச் சேர்க்க வேண்டும். கையெழுத்தான கடிதத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பருவ இறுதியில் பட்டியல் ஒட்டப்படும்போது காகிதம் காணாமல் போயிருக்கும். உள்மதிப்பீட்டுத் தேர்வு நாள்களில் வரும் எந்த நிகழ்ச்சியையும் முதலாண்டில் தயங்காமல் தவிர்த்துவிடலாம். வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்கள் பலவும் நிலுவைத் தாள் உள்ளவர்களை முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிடுகின்றன. அங்கே எந்த மன்றத்தின் பதவியும் கைகொடுக்காது.

வெளிக் கல்லூரி நிகழ்ச்சிகளுக்குப் போவது

சிம்போசியம் என்று எல்லாரும் அழைக்கும் துறைசார் கருத்தரங்குகள் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையிலும், பிப்ரவரி, மார்ச் மாதங்களிலும் குவிந்து கிடக்கும். முதல் பருவத்தில் ஒன்றுக்கு, பார்வையாளராகவே போய்வாருங்கள். கட்டுரை வாசிப்பில் மற்றவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், நடுவர்கள் எந்த இடத்தில் குறுக்கிட்டுக் கேட்கிறார்கள் என்று கவனித்தால் இரண்டாம் பருவத்தில் துணிந்து பெயர் கொடுக்கலாம். வலையிலிருந்து எடுத்த பொதுவான தலைப்பைவிட, உங்கள் ஆய்வகத்தில் நீங்களே அளந்து பார்த்த சிறிய விஷயம் நடுவரை அதிக நேரம் பேசவைக்கும். அடாப்டியூன் (தெரிந்த மெட்டுக்குப் புதிய வரிகள் கட்டிப் பாடுவது), வினாடி வினா போன்ற கலைவிழாப் போட்டிகளுக்கு இத்தனை ஆயத்தம் தேவையில்லை. நல்ல கூட்டாளிகள் கிடைத்தால் போதும்.

மாணவர் குழுக்கள் கொடுக்கப்பட்ட சிக்கலுக்குத் தொழில்நுட்பத் தீர்வு உருவாக்கும் தேசியப் போட்டியான ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் 2017 முதல் நடந்துவருகிறது. ஆறு பேர் கொண்ட குழு வேண்டும், அதில் குறைந்தது ஒரு பெண் இருக்க வேண்டும், முதலில் கல்லூரிக்குள் நடக்கும் சுற்றில் தேர்வாக வேண்டும். கல்லூரியின் பொறுப்பாசிரியர் வழியாகவே பதிவு நடப்பதால், அவர் யார் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். முதலாண்டு மாணவரை மேலாண்டுக் குழுக்கள் சேர்த்துக்கொள்வது அரிது. ஆனால் ஆறாவது ஆளுக்காகக் கடைசி நேரத்தில் அலையும் குழு ஒன்று எப்போதும் இருக்கும்.

நிகழ்ச்சி நடத்துவது

கற்றுக்கொள்ள அதிகம் இருப்பது பங்கேற்பதில் அல்ல, நடத்துவதில். உங்கள் துறையின் கருத்தரங்கில் முதலாண்டிலேயே தொண்டராகப் பெயர் கொடுங்கள். பதிவு மேசை, வெளியூர் மாணவர்களை வரவேற்பது, உணவுச் சீட்டு வழங்குவது ஆகிய மூன்றில் ஒன்று கிடைக்கும். பதிவு மேசை கிடைத்தால் விடாதீர்கள். நிகழ்ச்சி எங்கே தடுமாறுகிறது என்பது அங்கே உட்கார்ந்திருப்பவருக்கே முதலில் தெரியவரும்.

இரண்டாம் ஆண்டில் நன்கொடை திரட்டும் குழுவுக்குப் போகலாம். கல்லூரி முத்திரையுடன் கூடிய கடிதம், நிகழ்ச்சி விவரம், நன்கொடையாளருக்கு என்ன செய்து தருவோம் என்ற பட்டியல் ஆகிய மூன்றும் கையில் இல்லாமல் எந்தக் கடைப்படியும் ஏற வேண்டாம். பணத்தை உங்கள் சொந்தக் கணக்கில் வாங்காதீர்கள். துறைச் சங்கத்தின் கணக்கில்தான் சேர வேண்டும். அவசரத்துக்குக் கைப்பணத்தைப் போட நேர்ந்தால் ரசீதில் சங்கத்தின் பெயரை எழுதி வாங்குங்கள், இல்லையென்றால் அந்தத் தொகை திரும்பி வராது. அரங்கத்துக்கு எழுத்து மூலம் முன்பதிவு, ஒலிபெருக்கிக்கு அனுமதி, நடுவர்களுக்குப் போக்குவரத்து, மின்தடை வந்தால் மின்னாக்கிக்குப் பொறுப்பானவரின் எண் என்பவை ஒவ்வொன்றும் ஒருவரின் பெயருக்கு நேரே எழுதப்பட்டிருக்க வேண்டும். 'எல்லாரும் பார்த்துக்கொள்வோம்' என்று விடப்பட்ட வேலையை எவரும் பார்ப்பதில்லை.

இவை அனைத்துக்கும் ஒரு கணிப்பொறிக் கோப்பில் குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள்: நாள், நிகழ்ச்சி, நீங்கள் செய்த வேலை, எத்தனை மணி நேரம், பொறுப்பாசிரியர் யார். சான்றிதழ்களை வந்த அன்றே வருடி (ஸ்கேன் செய்து) எடுத்துச் சேமியுங்கள். நேர்காணலில் உட்காரும்போது பங்கேற்புச் சான்றிதழ்களின் அடுக்கை எவரும் புரட்டிப் பார்ப்பதில்லை. 'நீங்கள் இதில் என்ன செய்தீர்கள்?' என்று கேட்பார்கள். நானூறு பேருக்கு மதிய உணவுச் சீட்டை எப்படிக் குழப்பமின்றி வழங்கினோம் என்று சொல்ல முடிந்தவரின் பதில், பெயரளவில் துணைச் செயலாளராக இருந்தவரின் பதிலைவிட நீளமாக இருக்கும்.

ஒரு மன்றம் பொருந்தவில்லை என்று முதலாண்டு முடிவதற்குள் தெரிந்துவிட்டால் விலகிக்கொள்ளலாம். ஒப்புக்கொண்ட நிகழ்ச்சியை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டு, பொறுப்பில் உள்ளவரிடம் நேரில் சொல்லிவிட்டு வாருங்கள். தொடர்ந்து இருந்தால் மூன்றாம் ஆண்டில் பொறுப்பு உங்கள் கைக்கு வரும். ஏழாம் பருவத்தில் வேலைவாய்ப்பு நேர்காணல்கள் தொடங்கிவிடுவதால், ஆறாம் பருவம் முடியும் முன்பே அடுத்தவர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும். மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்குகளின் கடவுச்சொற்கள், நன்கொடையாளர் பட்டியல், சென்ற ஆண்டு வரவு செலவு, அலமாரிச் சாவி ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட்டு, பொறுப்பாசிரியரின் முன்னிலையில் கொடுங்கள்.